247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆலய மண்டபத்திலோ வார வகுப்பிலோ சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அண்ணன், அக்காமாருக்காக இந்தப் பாடம். நான் பொறியியல் மாணவன். சனிக்கிழமைகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்காருகிறேன்.

அங்கே அடிக்கடி பார்ப்பது இதுதான். பிள்ளை 'அ' முதல் 'ஔ' வரை கடகடன்னு ஒப்பிக்கும். "அம்மா, பால் தா" என்று எழுதிக் காட்டினால் முழிக்கும். கொஞ்ச நாளில் "எனக்குத் தமிழ் வராது" என்று அதுவே முடிவு கட்டிவிடும். ஏழு வயசுல எடுக்கும் அந்த முடிவை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ஆகவே, வாக்கியத்தை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

1. குறைந்த எழுத்து போதும். அ, இ, க, ட, த, து, ப, ம, ர, ல, வ. இவற்றோடு புள்ளியும் துணைக்காலும். இது படம். அது மரம். அது கடல். மாமா, வா. அம்மா, பால் தா. பார்த்தீங்களா, ஐந்து வாக்கியம் வந்துவிட்டது!

2. கொம்பைப் பிறகு கொண்டுவாருங்கள். மலாய்ச் சொல்லைப் பிள்ளை இடமிருந்து வலமாக வரிசையாக ஒலிக்கும். தமிழில் 'பெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். 'பொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. அதனால் 'பெ', 'பொ' ஒவ்வொன்றையும் பிரிக்காமல் ஒரே எழுத்தாகக் காட்டுங்கள்.

3. இரண்டு தடவை படிக்க வையுங்கள். முதல் தடவை விரல் வைத்து, மெதுவா. இரண்டாம் தடவை பேசுகிற வேகத்தில். பிறகு, "பால் யாருகிட்ட கேட்கிறாங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால்தான் படித்ததாக அர்த்தம்.

4. படத்தைக் கையால் மூடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லிவிடும். படித்து முடித்ததும் கையை எடுங்கள். சரியா என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

5. பேச்சுத் தமிழைத் திட்டாதீர்கள். "மரத்தில் குருவி இருக்கிறது" என்பதை "மரத்துல குருவி இருக்கு" என்று படித்தால், பொருள் புரிந்துவிட்டது என்று முதலில் பாராட்டுங்கள். "நாம பேசுறது அப்படி, புத்தகத்துல இப்படி எழுதுவாங்க" என்று சொல்லி மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள்.

மின்சுற்றுப் பாடத்தில் எல்லாப் பாகங்களின் பெயரையும் மனப்பாடம் செய்த பிறகா விளக்கை எரிய வைத்தோம்? ஒரு மின்கலம், ஒரு கம்பி, ஒரு பல்ப். அது எரிந்ததும் மீதியைக் கற்க ஆசை வந்தது. பிள்ளைக்கும் முதல் வாக்கியம் அப்படித்தான்.

தினமும் பத்து நிமிடம் போதும். இந்த வாரம் ஐந்து வாக்கியத்தை அட்டையில் எழுதி வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். அம்மா அப்பாவுக்குப் பிள்ளையே படித்துக் காட்டட்டும்.