கார்புரேட்டரைக் காக்கும் கறுப்புத் துண்டு

முன்னுரை

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் வாக்கு. அரை அங்குலக் கனமே உள்ள ஒரு கறுப்புத் துண்டு, ஒரு காரை நடுவழியில் நிற்காமல் காக்கும் என்றால் நம்புவீர்களா, தோழியரே? சென்ற சித்திரை மாதம் வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் ஒரு நாள் பாட்டியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வழியில் டீ குடிக்கப் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினோம். பிறகு அது கிளம்ப மறுத்துவிட்டது. அப்பா பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் எழுந்து போய்விட்டார். "இனி இதை விற்றுவிட வேண்டியதுதான்" என்றார் அப்பா. பாட்டி ஒன்றும் பேசவில்லை. தாத்தா ஓட்டிய வண்டி அல்லவா? அந்த மௌனமே என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

கார்புரேட்டரின் வேலை

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்தே எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! இந்தக் கலவையைத் தயாரிக்கும் சமையற்கூடமே கார்புரேட்டர்.

அதன் நடுவே ஒரு குறுகிய தொண்டை உள்ளது. காற்று அதன் வழியே விரையும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கிய தத்துவம் இதுவே. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி, பக்கத்திலுள்ள மிதவைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஒரு நுண்ணிய துளை வழியாகப் பீறிட்டு வந்து காற்றுடன் கலக்கிறது. பின்பு அக்கலவை மேனிபோல்டு என்னும் குழாய்க்கிளைகள் வழியாகச் சிலிண்டர்களுக்குச் செல்கிறது.

வெப்பம் செய்யும் குறும்பு

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் சில ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். ஓடும் எஞ்சினின் குளிர்நீரோ 80, 90 டிகிரியில் இருக்கும். எஞ்சினோடு மேனிபோல்டும், மேனிபோல்டோடு கார்புரேட்டரும் உலோகத்தோடு உலோகமாக இணைந்திருப்பதால் வெப்பம் எளிதில் மேலேறிவிடுகிறது.

வண்டி ஓடும்போது காற்றும், உள்ளே பாயும் குளிர்ந்த பெட்ரோலும் ஓரளவு காப்பாற்றும். எஞ்சினை நிறுத்தியதும் விசிறி நிற்கும், நீரோட்டமும் நிற்கும். ஆகவே நிறுத்திய பிறகுதான் கார்புரேட்டர் மேலும் சூடாகிறது! மிதவைத் தொட்டியில் பெட்ரோல் கொதித்து மேனிபோல்டுக்குள் வழிகிறது. குழாயிலும் பம்பிலும் ஆவிக் குமிழிகள் தோன்றி, வரும் பெட்ரோலைத் தடுக்கின்றன. எங்கள் கார் டீக்கடை வாசலில் நின்ற காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

ஸ்பேசர் என்னும் தடுப்பு

நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் பாருங்கள். உடல் அலுமினியம், தொட்டால் சுடும். கறுப்புக் கைப்பிடியோ பேக்லைட், தைரியமாகப் பிடிக்கலாம். லியோ பேக்லண்ட் என்னும் அறிஞர் 1907-இல் கண்டுபிடித்த பொருள் இது. அலுமினியம் பேக்லைட்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே வைக்கும் பேக்லைட் துண்டே ஸ்பேசர். குக்கருக்குக் கைப்பிடி எப்படியோ, கார்புரேட்டருக்கு ஸ்பேசர் அப்படி. பல கார்களில் தயாரிப்பாளர்களே மெல்லிய துண்டு ஒன்றை வைத்திருப்பார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. நாம் படித்த சார்லஸ் விதிப்படி, அழுத்தம் மாறாதபோது, 30 டிகிரிக் காற்று 40 டிகிரியானால் அதன் அடர்த்தி 100-க்கு 3 பங்கு குறையும். காற்றும் கலவையும் குளிர்ச்சியாக இருந்தால் சிலிண்டரில் சற்று அதிகமாக நிறையும். சக்தியும் சற்றே கூடும்.

அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் எஞ்சின் உள்ள பழைய கார்களை நேசிப்போர் ஸ்பேசரை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை கனம் இருக்கும். அவற்றுள் இரு வகைகள் பெயர் பெற்றவை. நடுவில் ஒரே பெரிய திறப்புள்ளது கலவை தங்கும் இடத்தைப் பெரிதாக்கும். எஞ்சின் மிக விரைவாகச் சுழலும்போது இது உதவலாம். நான்கு தனித் துளைகள் உள்ளது, கலவையின் ஓட்டத்தை நேராக்கி அதன் வேகத்தைக் காக்கும். நகரச் சாலையில் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இதுவே பொருத்தமாக அமைவதுண்டு. எனினும் எல்லா எஞ்சினுக்கும் ஒரே பலன் கிட்டாது. சிலவற்றில் சக்தி சிறிது கூடும். சிலவற்றில் மாற்றமே இராது. சிலவற்றில் குறைவதும் உண்டு. அலுமினிய ஸ்பேசரோ உயரத்தைத் தருமே தவிர வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது.

எங்கள் சோதனை

விற்பதற்கு முன் இதை முயன்று பார்க்க அப்பா இசைந்தார். நான் மகிழ்ச்சியோடு பௌதிக ஆசிரியையான சிஸ்டரிடம் கூறினேன். "பொருத்துவதற்கு முன் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காமல், பின்னால் நன்றாயிற்று என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார் சிஸ்டர். ஆகவே ஐந்து நாட்கள் நண்பகலில் வண்டியை ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பார்த்தோம். நான்கு நாட்கள் உடனே கிளம்பவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பட்டறை மெக்கானிக் மாமா எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்கினார். சூட்டில் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும் அல்லவா? துண்டின் உயரத்துக்கு ஏற்ப நீளமான போல்ட்டுகள் போட்டார். ஆக்சிலரேட்டர் கம்பி தடையின்றி அசைகிறதா, பானெட் இடிக்காமல் மூடுகிறதா என்று பார்த்தார். பேக்லைட் விரிசல் விடாதபடி நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். ஸ்பேசருக்கு மேலும் கீழும் வைக்கும் கேஸ்கெட்டை வெட்டும் பணி எனக்குக் கிடைத்தது.

எஞ்சினைக் கிளப்பினோம். நடுங்கியது, "உஸ்" என்று ஒலி கேட்டது, நின்றுவிட்டது. என் கேஸ்கெட்டின் ஒரு மூலை குறைவாக இருந்தது! அந்த இடுக்கின் வழியே காற்று புகுந்து கலவையைக் கெடுத்திருந்தது. வெட்கத்துடன் இன்னொன்று வெட்டினேன். இம்முறை எஞ்சின் சீராக ஓடியது.

மறுபடி ஐந்து நாட்கள் அதே நேரத்தில் அதே சோதனை. ஐந்து நாளும் வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. வேகம் கூடியதா? இல்லை. பெட்ரோல் செலவு குறைந்ததா? சொல்லும்படியாக இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிச் சிஸ்டரிடம் காட்டினேன்.

முடிவுரை

இன்று புதிய கார்களில் கார்புரேட்டர் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறையே பெரும்பாலும் உள்ளது. ஆயினும் பழைய வண்டிகளை வைத்திருப்போர் வீடுகளில் கார்புரேட்டர் இன்னும் உயிருடன் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பத்தாம் வகுப்புப் பாடமே போதுமானது. குக்கர் கைப்பிடியும் சார்லஸ் விதியும் ஒரே வண்டியில் சந்திப்பதைக் கண்டபோது, பாடப்புத்தகம் தேர்வுக்கு மட்டுமன்று என்பதை உணர்ந்தேன்.

வைகாசியில் பாட்டியை மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதே டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். அப்பா சாவியைத் திருப்பும்வரை யாரும் மூச்சு விடவில்லை. எஞ்சின் உடனே முழங்கியது. பாட்டி கதவை மெல்லத் தட்டி, "தாத்தா பேர் சொல்லுதுடி உன் கறுப்புத் துண்டு" என்றார். விற்கும் பேச்சை அப்பா அதன்பின் எடுக்கவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி