மாரி வந்துவிட்டது, கழுதைக்குப் பாண் வேண்டாம்

டிசம்பர் விடுமுறைக்கு வெள்ளவத்தையிலிருந்து மன்னாருக்குப் போகிற குடும்பங்களில், பாலம் தாண்டியதும் பிள்ளைகள் தேடுவது கழுதையைத்தான். கண்டதும் பையிலிருந்து பாண் வெளியே வரும், அல்லது பணிஸ். இந்த மாரியில் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். ஊர் வளவில் கழுதை நிற்கிற வீட்டார் இன்றே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டிய காரியங்களும் சில உண்டு.

மன்னார்க் கழுதைகளை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது ஊர்வழக்கு. பள்ளிமுனைப் பெருக்க மரத்துக்கும் அதே கதைதான். எப்படி வந்திருந்தாலும் கழுதையின் பூர்வீகம் ஆபிரிக்காவின் வறண்ட நிலம். காய்ந்த புல்லையும் முள்ளையும் தின்று சக்தி எடுக்கப் பழகிய குடல் அது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கி வளவெல்லாம் பச்சை பிடித்தால், அதற்குத் தினமும் கல்யாண வீடு.

அப்படித் தின்று சேரும் கொழுப்பு பிடரியிலும் விலாவிலும் பின்தொடையிலும் கட்டியாகத் தங்கும். பிடரிக் கொழுப்பு முற்றிச் சாய்ந்துவிட்டால், பிறகு உடல் மெலிந்தாலும் அது கரைவது அரிது. குளம்புக்குள் அழற்சி வந்தால் நடையும் போய்விடும்.

தராசு தேவையில்லை. தையல் நாடாவை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்து கலண்டரில் குறியுங்கள். விலாவைத் தடவுங்கள். இலேசாக அழுத்தும்போதே எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

வேலையில்லாத, 100 கிலோ எடையுள்ள கழுதைக்கு நாளொன்றுக்கு 1.3 முதல் 1.8 கிலோ வரை காய்ந்த தீனி போதும். பிரித்தானியாவில் பார்லி வைக்கோலை முதன்மைத் தீனியாகக் கொடுக்கிறார்கள். நமக்கு நெல் வைக்கோலும் உலர்ந்த புல்லும் கைக்கெட்டியவை. பச்சைப் புல்லுக்கு நேரம் வைத்து, மற்ற வேளையில் அடைப்புக்குள் விடுங்கள். பல் தேய்ந்த கிழக் கழுதை வைக்கோலை மென்று முடிக்காது, அதன் தீனியை மிருக வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். பெரும்போக அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருப்பதால் இப்போது கையிலிருப்பது பழைய வைக்கோல். பூஞ்சணம் பிடித்த கட்டைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மாட்டுக்குக் கொடுப்பதுபோலத் தவிட்டை வாரிக் கொடுப்பது இன்னொரு பிழை. தவிட்டில் பொஸ்பரசு அதிகம், கல்சியம் குறைவு. நாள்பட அதையே தின்கிற குதிரை, கழுதைகளின் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து முகவெலும்பு வீங்கும்.

ஆனால் கொழுத்துவிட்டது என்று பட்டினி போடுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. தீனி திடீரென நின்றால் கழுதையின் உடற்கொழுப்பு வெள்ளமாய் இரத்தத்தில் இறங்கும், ஈரல் பழுதாகும், சில நாட்களில் உயிரே போகலாம். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து கூட. கூட்டாளிக் கழுதையைப் பிரித்தாலே தீனி மறுக்கிற பிராணி அது. அளவை வாரக்கணக்கில், கொஞ்சங் கொஞ்சமாய்க் குறையுங்கள்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். மழைக்கு அந்தச் சுவர் காணாது, கூரை வேண்டும். குதிரையின் ரோமம் மழைநீரை வடியவிடும், கழுதையின் ரோமம் அவ்வளவாக வடியவிடாது.

வீதிக் கழுதைகளின் கதை வேறு. மன்னார் நகரில் அவை குப்பையைக் கிளறிப் பொலித்தீனும் தின்கின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. அப்படிப்பட்டவற்றைப் பராமரிக்கவே ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென மருத்துவ, கல்வி நிலையமொன்றை அமைத்தது. வாகன யன்னலிலிருந்து நீட்டுகிற பாண் அவற்றை நடுவீதிக்கு அழைக்கிறது. காலி வீதியில் வாங்கிய பாணைப் பிள்ளைகளே சாப்பிடட்டும்.

வளவிலோ வீதியிலோ, ஒரு நாள் முழுதும் தீனியில் வாய் வைக்காமல் தலை தொங்கி நிற்கிற கழுதையைக் கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மிருக வைத்தியரை அழையுங்கள்.