கல்லீரலின் வாசலைத் திறக்கும் மருந்து



சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஹீமோபிலியா, இரத்தம் எளிதில் உறையாது. முழங்கால் வீங்கினால் பள்ளிக்குப் போக முடிவதில்லை. "ஜீனை அடக்கும் மருந்து என்கிறார்களே, அது என்ன?" என்று கேட்கிறார்.

ஜீன் அனுப்பும் செய்தியே ஆர்.என்.ஏ. அதற்குப் பொருந்தும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு உள்ளே போனால் செய்தி வெட்டுப்படும். அந்தப் புரதம் உண்டாகாது. ஃபயர், மெல்லோ இருவரும் 1998-ல் புழுக்களில் இதைக் கண்டார்கள். ஆனால் வெறுந்துண்டு இரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துபோகும். இதுதான் பல வருடத் தடை. கடைசியில் மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கான கொழுப்புத் துகளில் அதைப் பொதிந்தார்கள். உணவுக் கொழுப்பென்றே கல்லீரல் அதை ஏற்றுக்கொள்கிறது! பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதித்த பட்டிசிரான் அப்படிப்பட்டது.

ஹீமோபிலியாவுக்கான ஃபிட்டுசிரானில் கொழுப்புக்குப் பதில் சர்க்கரை மூலக்கூறு வழிகாட்டுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினை அது குறைக்கிறது. தோலுக்கடியில் போடும் ஊசி, தினமும் வேண்டாம். 2023-ல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்றின் முதல் ஆசிரியர் நம் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2017-ல் மூளை நாளத்தில் இரத்தம் உறைந்து ஒரு நோயாளி இறந்தார். ஆய்வைச் சில காலம் நிறுத்தினார்கள். பின்னர் ஆன்டித்ராம்பினை அளந்து, அதற்கேற்ப மருந்தைக் குறைத்தே கொடுக்கிறார்கள். அந்தச் சிறுவனை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.