ஒருமுறை தருவிப்போம், எல்லோரும் பகிர்வோம்
கணனி இற்றைப்படுத்தல்களைச் சேமித்து வைத்தல்

கிராமப்புறப் பயிற்சி நிலையமொன்றில் பத்துக் கணனிகளும் ஒரேயொரு இணைய இணைப்பும் உள்ளன என வைத்துக்கொள்வோம். 300 மெகாபைட் அளவான இற்றைப்படுத்தல் ஒன்று வெளிவந்தால், பத்துக் கணனிகளும் அதைத் தனித்தனியே தருவிக்கும். அதாவது, 3,000 மெகாபைட்டுக்கு நாம் பணம் செலுத்துகிறோம். செலவுக்கு அஞ்சி இற்றைப்படுத்தலை நிறுத்தினாலோ, பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமற் கிடக்கும். வைரஸ் புகுந்தால் மாணவரின் வேலைகளும் சங்கக் கணக்குகளும் அழிந்துபோகலாம்.

இதற்கு வழி, 'புரொக்ஸி' எனப்படும் இடைச் சேவையகம். வீட்டுக்கொருவர் பட்டணம் போகாமல், கூட்டுறவுக் கடை ஒருமுறை மூடையாகக் கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கிடுவது போன்றது இது. 1996இல் வெளிவந்த 'ஸ்குவிட்' என்னும் இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது.

ஆனால், அதை நிறுவினால் மட்டும் போதாது. ஸ்குவிட்டின் இயல்பான அமைப்பு சிறிய இணையப் பக்கங்களுக்கே பொருந்தும். ஆகவே நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

1. அளவு: 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை அது இயல்பாகச் சேமிப்பதில்லை. இந்த எல்லையை 1,000 மெகாபைட்டாவது ஆக்குவோம். வன்தட்டில் 20,000 மெகாபைட் இடமும் ஒதுக்குவோம். அமைப்புக் கோப்பில் அளவு வரியை முதலிலும் இட வரியை அதன் பின்னரும் எழுத வேண்டும்.

2. முழுமை: சில கணனிகள் கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். துண்டுகளை ஸ்குவிட் சேமிக்காது. எனவே, துண்டைக் கேட்டாலும் முழுக் கோப்பையும் எடுக்குமாறும், கேட்ட கணனி இடையில் நின்றாலும் தரவிறக்கத்தை முடிக்குமாறும் பணிப்போம். இந்த விதியை இற்றைப்படுத்தல் முகவரிகளுக்கு மட்டுமே இடுக. எல்லாவற்றுக்கும் இட்டால், ஒருவர் பாதியில் நிறுத்திய ஒளிப்படமும் முழுதாக இறங்கிப் பணத்தை விழுங்கும்.

3. காலம்: டெபியன், உபுண்டு பொதிகளின் பெயரிலேயே பதிப்பு எண் உண்டு. புதிய பதிப்பு புதிய பெயரோடு வருவதால், அவற்றை 90 நாள் வைத்திருக்கலாம். பொதிகளின் பட்டியலை மட்டும் ஒவ்வொரு முறையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

4. வாசல்: நிலையத்தின் கணனிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். திறந்து விட்டால், அயலார் நம் பெயரில் இணையத்தில் உலாவுவர்.

சேமித்த பிரதியை நம்பலாமா? நம்பலாம். டெபியன் பொதிகளின் பட்டியலில் இலக்கக் கையொப்பம் உண்டு. ஒவ்வொரு கணனியும் அதைச் சரிபார்த்த பின்னரே நிறுவும். இடையில் மாற்றப்பட்ட கோப்பை ஏற்காது.

ஓர் எல்லையையும் அறிந்திருப்போம். பூட்டிய உறை போல மறைகுறியாக்கி வரும் கோப்புகளை ஸ்குவிட்டால் இயல்பாகச் சேமிக்க முடியாது. கைத்தொலைபேசிச் செயலிகள் பெரும்பாலும் இவ்வகையின. விண்டோஸ் 10 முதல், ஒரே வலையமைப்பிலுள்ள கணனிகள் இற்றைப்படுத்தல்களைத் தமக்குள் பகிரும் வசதி உண்டு. அதையும் இயக்கி வைக்கலாம்.

முடிவில், இரண்டு கணனிகளை ஒன்றன்பின் ஒன்றாக இற்றைப்படுத்திப் பதிவேட்டைப் பாருங்கள். முதலாவதற்கு 'மிஸ்' என்றும் இரண்டாவதற்கு 'ஹிட்' என்றும் இருந்தால், அமைப்பு வேலை செய்கிறது.

கலந்துரையாட: நமது நிலையத்தில் ஒரே கோப்பை மாதத்தில் எத்தனை தடவை தருவிக்கிறோம்? மிஞ்சும் பணத்தை எதற்குப் பயன்படுத்தலாம்?