ஓட ஒருவர், நிற்க ஒருவர்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளியோடு இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் ஓடுவதற்கு, இன்னொருவர் கட்டில் பக்கத்திலேயே நிற்பதற்கு. எனக்கு மாரடைப்பு வந்த இரவில் கணவர் மட்டும்தான் உடன் வந்தார். உள்ளே நுழைந்ததுமே அவர் கையில் ஒரு சீட்டைத் திணித்து ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆதார் அட்டை, போன் நம்பர், அட்வான்ஸ். அது முடிந்து திரும்பினால் ஃபார்மஸி சீட்டு: வென்ஃப்ளான், சிரிஞ்சு, ஊசி மருந்து, சலைன். ஃபார்மஸியில் ஜிபே போகவில்லை, ரொக்கம்தான் வேண்டும் என்றார்களாம். ஏடிஎம் தேடி ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். அவ்வளவு நேரமும் நான் பச்சைத் திரைக்குப் பின்னால் தனியாகக் கிடந்தேன்.

அவரைக் கவுன்டருக்கு அனுப்பும் முன்பே விஷயம் கெட்டுப்போயிருந்தது. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" என் கணவர் உள்ளதைச் சொன்னார்: "மத்தியானம் காதுகுத்து விசேஷம் சார், பிரியாணி." அத்தோடு முடிந்தது. மேல் வயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி, பிரியாணி. "கேஸ்தாம்மா, பயப்படாதீங்க" என்று ஒரு பேன்டாப் ஊசி, வாந்திக்கு ஒரு ஊசி. என் வயது, பல வருடச் சர்க்கரை, தாடையில் ஏதோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது, எதையும் அவர் கேட்கவில்லை. ரவிக்கை முழுக்க வியர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக்கொண்டது. "சிஸ்டர், ரொம்ப வேர்க்குது" என்றேன். "ஃபேன் போடறேம்மா" என்று அந்தப் பெண் நிஜமாகவே ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். பாவம், அன்பாகத்தான் செய்தாள். பக்கத்துக் கட்டிலில் பைக் விபத்தில் வந்த பையன் கத்திக்கொண்டிருந்தான். அந்த இரவுக்கு இருந்தது ஒரே டாக்டர். அவர் மேல் எனக்கு முழுக் கோபம் வராததற்கு அதுதான் காரணம். ஒரே டாக்டரை வைத்து இரவை ஓட்டுகிற நிர்வாகத்தின் மேல் வருகிறது.

மாரடைப்பு என்றால் சினிமாவில் வருவதுபோல் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பழுதுபட்டு நெஞ்சுவலி மங்கிப்போகலாம், தெரியாமலே போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சு வாங்குவது, அசதி, வியர்வை, தாடை வலி என்று வேறு வேடங்களிலும் வரலாம். இதயத்தின் அடிச்சுவர் பாதிக்கப்பட்டால் மேல் வயிறு வலித்து வாந்தி வரலாம். அதனால்தான் இப்படிப்பட்ட சந்தேகம் உள்ளவர் வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்று உலகம் முழுக்க இதய நோய் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி நிற்கவில்லை என்றால் திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை சேதத்தைக் காட்டுவதற்காக ரத்தத்தில் பார்க்கிற ட்ரோபோனினும் ஆரம்ப மணி நேரங்களில் ஏறாமல் இருக்கலாம். 'டெஸ்ட் நார்மல், வீட்டுக்குப் போங்க' என்பது ஒரே ஒரு டெஸ்டை வைத்துச் சொல்லக்கூடியது அல்ல.

என்னைக் காப்பாற்றியது என் நாத்தனார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள், எந்தத் தாளையும் படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். போன் போனதும் ஆட்டோ பிடித்து வந்து என் தலைமாட்டில் நின்றாள். "ஈசிஜி எடுத்தாச்சா சிஸ்டர்?" என்றாள். இல்லை. "அண்ணிக்கு சுகர் இருக்கு, உடம்பு சில்லிட்டுக் கிடக்கு, எடுத்துடுங்களேன்." எடுத்தார்கள். எடுத்து, மடித்து, கேஸ் ஷீட் கிளிப்பில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்க வேண்டியவர் விபத்துப் பையனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு டியூட்டி மாறியது. புதிதாக வந்த டாக்டரிடம் பழையவர் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ, "கேஸ்ட்ரைட்டிஸ்தானே?" என்றபடியேதான் உள்ளே வந்தார். நாத்தனார் கிளிப்பிலிருந்து அந்தத் தாளை உருவி நீட்டினாள். "இதைப் பார்த்தது யாரு டாக்டர்?" நின்றபடியே பார்த்தவர் உட்காராமலேயே ஆஸ்பிரினை மெல்லச் சொன்னார். அடுத்து வந்தது, "இங்க கேத் லேப் இல்லம்மா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." கேத் லேப் என்றால் இதய ரத்தக் குழாயின் அடைப்பைக் கண்டுபிடித்துத் திறக்கிற இடம்.

போகச் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் கையெழுத்துக்கு நீட்டிய படிவத்தில் இருந்தது வேறு: மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம். நாத்தனார் அதில் அப்படியே கையெழுத்துப் போடவில்லை. மேலே பேனாவால் எழுதினாள்: 'இங்கே கேத் லேப் வசதி இல்லை என்று மருத்துவர் கூறி அனுப்புவதால் செல்கிறோம்.' தேதி, மணி போட்டு அதன் கீழே கையெழுத்து. வாங்கிப் பார்த்த பெண் முகத்தைச் சுளித்தாள், ஆனால் மறுக்கவில்லை. ரெஃபரல் கடிதம், ஈசிஜி நகல், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்ற குறிப்பு, மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். அங்கே போனதும் இந்தத் தாள்கள்தான் நேரத்தை மிச்சம் பிடித்தன.

அங்கே என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரித்தார்கள், நான் சிவப்பு. அங்கே கேட்ட முதல் கேள்வி, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" வார்டில் பட்ட பாடு தனிக்கதை, அரசு ஆஸ்பத்திரியைத் தலையில் தூக்கிவைத்து ஆட நான் வரவில்லை. ஆனால் வாசலில் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஆகவே கூடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வியாதியின் பெயரை நீங்களே வைத்து எடுத்துக்கொடுக்காதீர்கள், அது நேராகக் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். சாப்பாட்டுக் கதை கேட்டால் மட்டும். முதல் வாக்கியமே வயது, சர்க்கரையா பிரஷரா, வலி எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கியது, வியர்த்ததா. தினசரி மாத்திரை அட்டைகளை ஒரு ஃபோட்டோ எடுத்து எல்லோர் போனிலும் வைத்திருங்கள். வண்டி ஏறும் முன்பே கேத் லேப் இருக்கிறதா, இரவில் அதை நடத்த ஆள் இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் எங்கே கொண்டுபோவது என்ற யோசனை பாதி அவர்களோடு போய்விடும். சத்தம் போடுவதில் பயனில்லை. மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது, குரல் உயர்ந்தால் பேச்சு சிகிச்சையிலிருந்து செக்யூரிட்டிக்குத் திரும்பிவிடும். "இதைப் பார்த்தது யாரு, அடுத்து எப்ப பார்ப்பீங்க?" என்று தாழ்ந்த குரலில் விடாமல் கேட்பதுதான் வேலை செய்கிறது.

அவசரத்தில் சிகிச்சை தராமல் தட்டிக்கழித்தால் அதற்கும் சட்டம் உண்டு. உயிர் காக்கும் சிகிச்சைக்கு முன் போலீஸ், எஃப்ஐஆர் என்ற சடங்குகள் குறுக்கே நிற்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் மதுராபூர் ஸ்டேஷனில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற கூலித் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசு மருத்துவமனை அவசரச் சிகிச்சை தராதது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது. நள்ளிரவில் கவுன்டரில் தீர்ப்பை ஓதிக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் மறுநாள் எழுதுகிற புகாருக்கு அதுதான் முதுகெலும்பு.

வீட்டுக்கு வந்தபின் எழுத்தில் கேட்டு என் மருத்துவப் பதிவுகளை வாங்கினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டதும் இழுத்தடிக்காமல் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் 'கனமான உணவுக்குப் பின் மேல் வயிற்று வலி' என்று இருந்தது. வியர்வை பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டி மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்கிற மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகத்திடமிருந்து 'வருந்துகிறோம்' என்று எதற்கு வருந்துகிறார்கள் என்று சொல்லாத ஒரு பதில் வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்கு நான் போகவில்லை. வாய்தாவுக்கு அலைய உடம்பில் தெம்பில்லை. நாத்தனாருக்கு அதில் சம்மதமில்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது என்று பக்கங்களுக்கு எண் போட்டு ஃபைலைத் தயாராக வைத்துக்கொண்டு, வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.