மழை விட்ட காலையில் சாரத்தில் ஏறாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கான கட்டுமான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. வீடு கட்டுகிறவர்களின் அவசரம் உச்சத்துக்குப் போவதும் இதே மாதங்களில்தான். மார்கழியில் புதுமனை புகமாட்டார்கள். கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும், தவறினால் தை முகூர்த்தம். தளம் போட்டாயிற்று, வெளிப்பூச்சும் பெயின்ட்டும் பாக்கி என்ற நிலையில் ஊர்தோறும் வீடுகள் நிற்கின்றன. வெளிப்பூச்சு என்றால் சாரம் இல்லாமல் நடக்காது. ஆக, சாரத்தில் ஆள் அதிகம் ஏறுகிற காலமும் சாரம் வலுவிழக்கிற காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

மழை கொட்டும்போது யாரும் மேலே நிற்பதில்லை. கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிடுவார். பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வருகிற முதல் வெயில் காலையை. இரண்டு மூன்று நாள் கூலி போயிருக்கும். வீட்டுக்காரர் நாலு தடவை போன் பண்ணியிருப்பார். வானம் வெளுத்ததும் எல்லோரும் நேராக மேலே ஏறுவார்கள். மண், கயிறு, கட்டை, பலகை எல்லாம் இதற்குள் மாறியிருக்கும். பார்வைக்குச் சாரம் அப்படியேதான் நிற்கும்.

எனவே இந்த மூன்று மாதமும் ஒரே ஒரு விதியை மட்டுமாவது கடைப்பிடியுங்கள். மழை பெய்த மறுநாளோ, பலத்த காற்று வீசிய மறுநாளோ, தீபாவளி போல நாலு நாள் வேலை நின்ற பிறகோ, முதல் ஒரு மணி நேரம் சாரத்தில் வேலைக்கென்று யாரும் ஏறக்கூடாது. சாரம் கட்டியவரோ அனுபவமுள்ள மேஸ்திரியோ அடியிலிருந்து உச்சிவரை பார்த்து முடிக்கட்டும். அதுவரை ஏணியை எடுத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுங்கள். ‘ஏறாதே’ என்று எழுதித் தொங்கவிடுவதைவிட இது பலன் தரும். இன்று சித்தாள் வேலைக்கு நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழில் எழுதிய பலகை அவர்களுக்கு எதுவும் சொல்லாது. ஏணி இல்லை என்றால் எல்லோருக்கும் புரியும்.

காலடி மண்

பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் தரை. புது வீட்டைச் சுற்றி மூன்று நாலடி அகலத்துக்கு இருப்பது பெரும்பாலும் அஸ்திவாரக் குழியில் திருப்பித் தள்ளிய மண். அதைத் திமிசு போட்டு இறுக்கியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். முதல் பெருமழையில் அது உட்காரும். சாரம் நிற்பதும் சரியாக அந்த மண்ணின் மேல்தான். ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கினால் அது தாங்கிய பாரம் பக்கத்துக் கால்களுக்குப் போகும். குறுக்குக் கட்டைகள் சாயும், மேலே பலகையின் ஒரு முனை தாங்கலை விட்டு நகரும். கீழே நடந்த இரண்டு அங்குல இறக்கம் மேலே நிற்பவருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

கடப்பாரையைக் கொண்டுபோய் ஒவ்வொரு காலின் பக்கத்திலும் ஊன்றிப் பாருங்கள். குத்தாமலேயே, தன் கனத்தில் அது இறங்கினால் அந்த மண் சாரத்தைத் தாங்காது. தண்ணீர் தேங்கியிருந்தால் சின்ன வாய்க்கால் வெட்டி வடியுங்கள்; வடிந்த உடனேயே ஏறவும் வேண்டாம். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் சாரத்தின் காலடியில் கொட்டுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அடிக்குழாய் இன்னும் பொருத்தாமல், மாடித் தண்ணீர் முழுவதும் ஒரே மூலையில் விழுந்து குழி பறித்துக்கொண்டிருக்கும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு: ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அங்கே ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிட முடியாது.

காலுக்கு அடியில் உடைந்த செங்கல்லைச் செருகி மட்டம் பிடிக்கும் பழக்கத்தை இந்தப் பருவத்திலாவது விடுங்கள். ஊறிய செங்கல் பாரத்தில் நொறுங்கும். இரண்டு அங்குலக் கனமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள நீளப் பலகை ஒன்றை இரண்டு கால்களுக்குச் சேர்த்து அடியில் போட்டால் பாரம் பரவும். கம்பைக் குழி தோண்டி நட்டிருந்தால், மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். சவுக்கு இற்றுப்போகத் தொடங்குவது பெரும்பாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த இடத்தில்தான்.

கயிறும் கட்டையும்

சவுக்குச் சாரத்தில் ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. முழுச் சாரமும் கயிற்றின் பிடியில் நிற்கிறது. நனைந்தால் நார்க் கயிறு ஊறும், கட்டையும் ஊறும். முடிச்சைத் தொட்டுப் பார்த்தால் முன்னைவிட இறுக்கமாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு நாள் வெயிலில் கட்டை காய்ந்து சுற்றளவு குறையும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதனால் மழை விட்ட அன்று ஒரு தடவையும், நன்றாக வெயில் காய்ந்த பிறகு இன்னொரு தடவையும் முடிச்சுகளைப் பார்க்க வேண்டும். இரண்டாவது பார்வையை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது.

நைலான் கயிறும் பிளாஸ்டிக் கயிறும் இப்போது நார்க் கயிற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. விலை குறைவு, அழுகாது. ஆனால் நைலான் தண்ணீர் குடித்தால் நீளும், வலுவும் கொஞ்சம் குறையும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து கிடந்து இழை இழையாக நொறுங்கும். நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்கிற கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வழுவழுப்பான கயிறு ஈரக் கட்டையில் சரியும் என்பதால் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவது நல்லது.

கட்டையைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை கணீரென்று சொல்லும். உளுத்த கட்டை மந்தமாக ஒலிக்கும். நீளவாக்கில் ஓடும் சிறு வெடிப்பு சவுக்கில் சகஜம். குறுக்கே ஓடும் வெடிப்பு இருந்தால் அதை அன்றே மாற்றுங்கள். ஒற்றை வரிசைச் சாரமென்றால் குறுக்குக் கட்டையின் மறுமுனை சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். மழையில் கட்டிய புதுச் சுவரின் கலவை அந்தப் பாரத்துக்குத் தயாராக இருக்காது. நாலரை அங்குலச் சுவரில் கட்டையைத் தாங்க வைக்கவே வேண்டாம்.

பலகை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று பலகை அகலமாவது இருக்க வேண்டும், இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும். முனை தாங்கலைத் தாண்டி அரையடிக்குக் குறையாமல் நீள வேண்டும். ஒரு அடிக்கு மேல் நீண்டால் அதில் கால் வைப்பவரோடு சேர்ந்து கவிழும். பாசியையும் காய்ந்த கலவையையும் சுரண்டிவிட்டு மணல் தூவுங்கள். வெளிப்பக்கம் இடுப்பளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் உயரத்தில், கைப்பிடிக் கட்டை ஒன்று வேண்டும். மேலே செங்கல் அடுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அது தண்ணீர் குடிக்கக்கூடும். நேற்று 300 கிலோவாக இருந்த நூறு செங்கல் இன்று 350 கிலோவைத் தாண்டியிருக்கலாம்.

இரும்பு என்றால் தைரியமா?

குழாய்ச் சாரம் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று சென்னைக்கு வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே நின்றது சவுக்கு இல்லை, இரும்பு.

பிரேம் சாரத்தில் மழைக்காலத்துக்கென்று பார்க்க வேண்டியவை: அடித்தட்டும் அதற்குக் கீழே பலகையும் இருக்கின்றனவா, குறுக்குப் பிரேஸ் எதையாவது ‘வேலைக்கு இடைஞ்சல்’ என்று கழற்றி வைத்திருக்கிறார்களா, கிளாம்ப் துருப்பிடித்துத் திருகு சுற்ற மறுக்கிறதா. கழற்றி வைத்த பிரேஸைத் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் வராது என்பது சைட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். சுவரோடு பிணைக்காமல் தனியாக நிற்கும் சாரம், அடி அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் உயரக்கூடாது. சக்கரம் வைத்த சாரத்தில் ஆள் நிற்கும்போது தள்ளக்கூடாது. சக்கரத்தைப் பூட்டாமல் ஏறவும் கூடாது. கான்ட்ராக்டர்களுக்கு: சாரத்துக்கும் ஏணிக்குமான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3696. சைட் இன்ஜினியரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

காற்று

வானிலைச் செய்தியில் ‘புயல்’ என்ற சொல் வந்தால்தான் நம்மவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் புயல் என்பது மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய படியான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்திலேயே காற்று 50 முதல் 61 கிலோமீட்டர் வரை வீசும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆகவே சாரத்துக்குப் புயல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘பலத்த தரைக்காற்று, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்’ என்று செய்தி வந்தாலே உங்கள் மாவட்டத்தில் சாரத்தின் மேல் வேலை கிடையாது.

பச்சை வலையோ தார்ப்பாயோ கட்டிய சாரம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். சுவரோடு பிணைத்த கட்டுகள் வெறும் சாரத்துக்குப் போதுமானவையாக இருக்கலாம். தார்ப்பாய் கட்டியதும் போதாமல் போகும். எச்சரிக்கை வந்ததும் முதலில் தார்ப்பாயை அவிழ்த்து இறக்குங்கள். அடுத்து பலகைகள், பக்கெட், கலவைச் சட்டி என்று பறக்கக்கூடிய எல்லாம் கீழே வரட்டும். சுவரோடு பிணைத்த கட்டுகளைக் கூட்டுங்கள். பாதி பிரித்த சாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழுச் சாரத்தைவிட அது சீக்கிரம் விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பகல் நேரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது விடியவில்லை. இறக்கும் வேலையைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இடிச் சத்தம் கேட்டால், மழை இல்லாவிட்டாலும் இறங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்து ஏறினால் போதும்.

மின்சாரம்

இரும்புக் குழாயைத் தூக்கி நிமிர்த்தும்போதுதான் தெருவில் போகும் மின்கம்பியில் படுகிறது. கம்பி பத்தடிக்குள் இருந்தால், மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தப் பக்கம் சாரம் கட்டவோ பிரிக்கவோ வேண்டாம். காற்றடித்த பிறகு கம்பி முன்னைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. டிரில், விளக்கு ஆகியவற்றின் ஒயரைச் சாரத்தில் சுற்றாதீர்கள். தற்காலிக இணைப்பில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் ஈரச் சாரத்தில் மின் கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது.

விழுந்தால்

உயரத்தில் நிற்பவருக்கு முழு உடல் ஹார்னெஸ் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. ஹார்னெஸின் கொக்கியைச் சாரத்தில் மாட்டினால் சாரம் விழும்போது ஆளும் சேர்ந்து விழுவார். தூண், பீம் போன்ற கட்டடத்தின் உறுதியான பகுதியில் மாட்ட வேண்டும். ஹார்னெஸில் தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும். தொடையில் வார் அழுத்தி ரத்த ஓட்டம் தடைப்படும். யார் எப்படி இறக்குவது என்பதைக் காலையிலேயே பேசி வையுங்கள்.

கீழே விழுந்தவரைக் கை ஒருவர் கால் ஒருவராகத் தூக்கி ஆட்டோவில் போடுவதுதான் நம் வழக்கம். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே ஆளை ஆயுளுக்கும் முடக்கிவிடும். 108க்கு அழைத்துவிட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கு

நம் ஊரில் தனி வீடுகள் பெரும்பாலும் மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட் விட்டுத்தான் எழும்புகின்றன. சாரத்தைப் பார்க்கிற ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் காசு இல்லை. பிறகு யார் பார்ப்பார்கள்? மழை விட்ட காலையில் அந்த நேரத்துக்கான கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். ரேட் பேசும்போதே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர்கள் பதிந்துகொள்ள அரை நாள் விடுப்பும் கொடுங்கள்.

மழை நீண்டுகொண்டே போனால் ஆட்களை உட்பூச்சுக்கும் டைல்ஸ் வேலைக்கும் திருப்பிவிடுங்கள்; அவர்களுக்குக் கூலியும் போகாது, வேலையும் நிற்காது. முகூர்த்தத்தைத் தள்ள முடியாதென்றால் வெளிப்பூச்சைத் தள்ளிப் போடுங்கள். பூசாத வீட்டிலும் பால் காய்ச்சலாம்.