எலிக்கு மருந்து ஊட்டுவது எப்படி?

மாணவர்களே! சிறு கிண்ணத்திலுள்ள வெந்நீரில் பெரிய வெப்பமானி ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? வெப்பமானி சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் நீர் சற்றே குளிர்ந்துவிடும். அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது! உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல் உண்டு.

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1920-களில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், நம் நாட்டின் பல பகுதி மக்களின் உணவுகளை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்றவை செழித்து வளர்ந்தன. அரிசி மிகுந்த சென்னை மாகாண உணவைத் தின்றவை பின்தங்கின. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

குன்னூர் எலிகள் உணவைத் தாமே தின்றன. ஆனால் ஒரு வைட்டமினைத் துல்லியமான அளவில் கொடுக்க வேண்டுமானால்? பல எலிகள் உள்ள கூண்டில் தீனியுடன் கலந்து வைத்தால், எது எவ்வளவு தின்றது என்று தெரியாது. ஆகவே, முனை உருண்ட மெல்லிய குழாயை வாய்வழியே இரைப்பைவரை செலுத்தி மருந்தை விடுவது வழக்கம்.

அளவு சரியாக இருக்கும். ஆனால் இறுக்கிப் பிடிக்கும்போது எலி மிரளுகிறது. அதன் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயரக்கூடும். கை தவறினால் உணவுக்குழாய் கிழியலாம். மருந்து நுரையீரலுக்குள் போகலாம். பிறகு நாம் காண்பது மருந்தின் விளைவா, அச்சத்தின் விளைவா?

மாத்திரையை மட்டிப்பழத்தில் பொதிந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லையா? அதே வழிதான். எலிகள் புதிய உணவைச் சந்தேகிக்கும். ஆகவே முதல் சில நாள் நீர் கலந்த இனிப்புப் பாலை மட்டும் நுண்குழாயால் நீட்டுவார்கள். பழகியபின் எலி தானே வந்து நக்கும். அப்போது மருந்தைப் பாலில் கலப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கொடுப்பதால் அளவும் பிசகாது.

ஒரு கணக்கு: ஒரே வேளையில் கொடுக்கும் திரவம் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது. 25 கிராம் சுண்டெலிக்கு இது 0.25 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஐந்து சொட்டு!

இம்முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மிகக் கசப்பான மருந்தை எலி ஒதுக்கிவிடும். சர்க்கரை நோய் ஆய்வில் இனிப்பே முடிவைக் கெடுக்கும்.

விலங்குகளின் துன்பத்தைக் குறைப்பது ஆய்வாளரின் கடமை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்கள் 1959-இல் தம் நூலில் வற்புறுத்தினர். இரக்கம் ஆய்வுக்குத் தடையன்று. அமைதியான எலியே நம்பத்தக்க விடை தரும்.

சிந்தியுங்கள்: மருந்து பெறாத ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே இனிப்புப் பாலைக் கொடுக்க வேண்டும். ஏன்?